பட்டா புத்தகம்

பால் சொசைட்டி ஜன்னல் கம்பியில்
உரச்சாக்கை வெட்டித் தைத்த உறைக்குள்
தொங்குகிறது பட்டா புத்தகம்.
ஏட்டு தீர்த்தகிரி வந்து போனதற்கு
அது ஒன்றுதான் சாட்சி.

இரவு 2.40. பார்த்தேன். அமைதி.
இரவு 1.15. மழை. பார்த்தேன். அமைதி.
இரவு 3.05. ரோட்டில் ஒரு நாய் செத்துக் கிடந்தது. வேறில்லை.
மூன்று வருடம் இப்படியே.

நான் அரூர் தாலுகா நிருபர்.
சம்பளம் கிடையாது,
அச்சேறினால் சென்டிமீட்டர் கணக்கில் காசு.
வெட்டுக்குத்து என்றால் படத்தோடு கால் பக்கம்.
சேலம் டெஸ்க்கில் என் பெயர் யாருக்கும் தெரியாது,
'அரூர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

தேர் காலனி வழியாகத் திரும்புமா, திரும்பாதா?
பதினோரு வருடத்துக்கு முன் இந்தக் கேள்வியில்
நாலு கூரை எரிந்தது.
ஊர்ப்பெயர் முதல் பக்கத்தில் வந்தது
அந்த ஒரு நாள்தான்.

இந்த வருடம் தீர்த்தகிரி கமிட்டி போட்டார்.
மேலிருந்து வந்த பட்டியலில் பத்துப் பேர்,
பத்தும் ஊர்த்தெரு.
கீழே நீல மையில் அவரே சேர்த்தது நாலு:
டிராக்டர் குப்பன், சூளை வேலைக்குப் போகும் முருகாயி,
நர்சிங் படிக்கும் வெண்மதி, அவள் மாமன்.
ஆளுக்கொரு விசில் கொடுத்தார்.
"ஊதாம திருப்பிக் குடுத்தா எனக்கு சந்தோசம்."

இரண்டு தெருவும் முட்டுகிற இடத்தில்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.
லத்தி வண்டியிலேயே கிடந்தது.
தேர் வந்தது. யாரோ எதுவோ சொன்னார்கள்.
ஒரு பையன் சோடா பாட்டிலை ஓங்கினான்.
முருகாயி நேராக அவனிடம் போய்
"தாகமா இருக்குது, குடு சாமி" என்று கை நீட்டினாள்.
அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. கொடுத்தான்.
தேர் திரும்பியது.
பதினாலு விசிலில் பதின்மூன்று திரும்பி வந்தன.
மிச்சம் ஒன்றை குப்பனின் மகன்
மறுநாள் முழுக்க ஊதிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு வரி எழுதி அனுப்பினேன்.
"எத்தன பேருக்கு காயம்?"
யாருக்கும் இல்லைங்க.
"அப்ப என்ன செய்தி, அரூர்?"
மறுநாள் வந்தது
மொரப்பூர் பக்கம் ஆடு திருடியவர் கைது.

ஏரிக்கரைக்குப் போகும் வழியில் ஒரு நடுகல்,
வில்லோடு ஒருவன், காலடியில் மாடு.
தொல்லியல் படித்த ஒருவர்
சுண்ணாம்பு தடவி எழுத்துக்கூட்டினார்:
தொறு மீட்டுப் பட்டான்.
பட்டதால் கல்.
முந்தின இரவுகளில் கண்விழித்து
மாடு போகாமல் பார்த்துக்கொண்டு
விடிந்ததும் கூழ் குடித்துப் படுத்தவர்களுக்கு
ஒரு செங்கல்கூட இல்லை.
பாடிகாவல் என்று வரி வாங்கியிருக்கிறார்கள்.
வரிக்குக் கல்வெட்டு உண்டு.
அப்புறம் தலையாரி வந்தான், கம்போடு நடந்தான்,
எந்த ஜமாபந்தியிலும் அவன் நடை ஏறவில்லை.
ரத்தம் பார்த்தபின் உளி எடுக்கும் பழக்கம்
சேலம் டெஸ்க்கைவிடப் பழையது.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
அன்றிரவு என் போன் முழு சார்ஜில் இருந்தது,
கேமரா திறந்திருந்தது.
பாட்டில் மேலே போனபோது
எனக்குள் கால் பக்கம் இடம் ஒதுங்கியது,
தலைப்புகூட வந்துவிட்டது.
முருகாயி அதை மடமடவென்று குடித்து
காலி பாட்டிலைக் கடைக்காரனிடம் கொடுத்தாள்.

தீர்த்தகிரிக்கு ஏரியூருக்கு மாற்றல்.
அதுவும் செய்தியில்லை.
புதியவரின் கையெழுத்து சாய்ந்து விழுகிறது:
2.20. அமைதி.
புத்தகத்தில் நாலு பக்கம்தான் பாக்கி.
நிறைந்தால் இது எங்கே போகும் என்று
சொசைட்டி செக்ரட்டரியிடம் கேட்டேன்.
"பழைய பேப்பரோட எடைக்குப் போடுவாங்க" என்றார்.
"உங்க பேப்பர் கூடத்தான்."